பெருந்தொற்றுக் காலத்தில் எச்.ஐ.வி. தடுப்பு: கைப்பேசிச் செய்தியால் என்ன முடியும்?

2020இல் வந்ததைப் போன்ற ஊரடங்கு மறுபடியும் வந்து களப்பணியாளர்கள் வெளியே போக முடியாமல் போனால், எச்.ஐ.வி. தடுப்பு வேலையை வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் வழியாகச் செய்ய முடியுமா, முடியும் என்றால் அந்தச் செய்திகளில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவு முடியும் என்பதே என் பதில். நாம் வழக்கமாக விழிப்புணர்வு என்று சொல்லும் வேலைக்கு அந்த நேரத்தில் செய்திகள் பெரிதாக உதவுவதில்லை. படித்தவர் இன்றைக்கு எங்கே போகலாம், எந்த நேரத்தில் போகலாம், யாரிடம் பேசலாம், வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் அதை எப்படிச் செய்யலாம் என்று சொல்லும் செய்திதான் உதவுகிறது. எந்தப் படம், எந்த நிறம், எந்த நடிகர் என்பதெல்லாம் அதற்குப் பிறகு யோசிக்க வேண்டியவை. 2020, 2021 ஆண்டுகளில் நடந்தவற்றைக் கொண்டு, பெரும்பாலும் இந்தியாவை முன்வைத்து விளக்குகிறேன்.

அந்த ஆண்டுகளில் என்ன குலைந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். எய்ட்ஸ், காசநோய், மலேரியா ஒழிப்புக்கு நிதி தரும் உலக நிதியம் உதவி செய்யும் நாடுகளில் 2019ஐ விட 2020இல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொண்டவர்களின் எண்ணிக்கை 22 விழுக்காடு குறைந்தது. தடுப்புத் திட்டங்கள் சென்று சேர்ந்தவர்களின் எண்ணிக்கை 11 விழுக்காடு குறைந்தது. 2020க்குள் உலகில் புதிய தொற்றுகளை ஆண்டுக்கு 5 இலட்சத்துக்குக் கீழே கொண்டுவருவது என்று இலக்கு வைத்திருந்த நிலையில், அந்த ஆண்டு ஏறத்தாழ 15 இலட்சம் பேருக்குப் புதிதாகத் தொற்று ஏற்பட்டதாக ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பு மதிப்பிட்டது. இந்தியாவில் மார்ச் 25 முதல் பேருந்தும் ரயிலும் நின்றுபோயின. பல மருத்துவமனைகளில் ஆய்வக நுட்பநர்கள் கொரோனா பரிசோதனைக்கு மாற்றப்பட்டார்கள். களப்பணியாளர் பூங்காவிலும் பேருந்து நிலையத்திலும் நேரில் பார்த்து ஆணுறை கொடுத்து, பேச்சுக் கொடுத்து, எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்துக்கு அழைத்துச் செல்லும் முறை ஒரே இரவில் நின்றது. ஆணுறை உற்பத்தியே தடுமாறியது. உலகில் விற்கும் ஐந்து ஆணுறைகளில் ஒன்றைத் தயாரிக்கும் மலேசியாவின் கேரெக்ஸ் நிறுவனம் அந்த மார்ச் மாதக் கடைசியில் ஆலைகளைச் சில நாட்கள் மூட நேர்ந்தது.

இந்த இடைவெளியில்தான் எல்லாரும் கைப்பேசியை நோக்கித் திரும்பினார்கள். அப்போது பலரும் கவனிக்கத் தவறியது ஒன்று உண்டு. மக்கள் ஏற்கெனவே செய்திகளில் மூழ்கிக்கொண்டிருந்தார்கள். யாருக்குத் தொலைபேசி செய்தாலும் இருமலோடு தொடங்கும் அந்த அறிவிப்பை எத்தனை பேர் சபித்திருப்போம்! கபசுரக் குடிநீர், பாக்கெட் பால், தப்லிக் வதந்தி, ஊரடங்குத் தளர்வு என்று ஒரு குடும்பக் குழுவில் மட்டும் நாளொன்றுக்கு நூறு செய்திகள் வந்து விழுந்தன. அதற்கிடையே சிவப்பு ரிப்பன் படம் ஒன்றைப் போட்டு, எச்.ஐ.வி. எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்று எட்டு வரி எழுதி அனுப்பினால் அது நூற்றோராவது செய்தியாகிறதே தவிர வேறு விளைவு இல்லை. அதற்காக அறிவு முக்கியமில்லை என்று சொல்லிவிட முடியாது. 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 22 விழுக்காட்டினருக்கும் ஆண்களில் 31 விழுக்காட்டினருக்கும் மட்டுமே எச்.ஐ.வி. பற்றிய முழுமையான அறிவு இருந்தது. ஆனால் இந்த அறிவை வளர்க்கப் பள்ளியும், கல்லூரிகளில் எச்.ஐ.வி. விழிப்புணர்வுக்காக இயங்கும் செஞ்சுருள் சங்கமும் அமைதியான காலமும் வேண்டும். தீ பற்றிய வீட்டில் தீயணைப்பைப் பற்றி வகுப்பெடுப்பதில் பயனில்லை.

அந்தக் காலத்தில் வேலை செய்த செய்திகளைப் பார்த்தால் அவை எல்லாமே ஏதோ ஒரு குறிப்பிட்ட செயலோடு கட்டப்பட்டவை என்பது தெரியும். வூஹான் நகரம் 2020 ஜனவரி 23 அன்று மூடப்பட்டது. சீனாவில் எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரின் கூட்டமைப்பு ஒன்றும் ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பும் அடுத்த சில வாரங்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் இணையம் வழியாகக் கேட்டபோது, ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கையிருப்பு மருந்து விரைவில் தீர்ந்துவிடும் நிலையில் இருந்தார்கள். அதன்பின் வீசாட் என்ற சீனச் செய்திச் செயலியின் குழுக்களில் ஓடிய செய்திகளின் உள்ளடக்கம் மிக எளிமையானது: உன்னிடம் எத்தனை நாள் மருந்து இருக்கிறது, எந்த ஊரில் மாட்டிக்கொண்டிருக்கிறாய், உனக்கு யார் கொண்டுவந்து தருவார். தன்னார்வலர்கள் அதைக் கொண்டு மருந்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அது சிகிச்சை பற்றியதுதானே, தடுப்பு எங்கே வந்தது என்று நீங்கள் கேட்கலாம். மருந்தை ஒழுங்காக உட்கொண்டு இரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவின் வழியே தொற்று பரவாது. இதை முதலில் உறுதியாகக் காட்டிய ஆய்வுகளில் ஒன்றான எச்.பி.டி.என். 052 ஒன்பது நாடுகளில் நடந்தது. அதன் இந்திய மையங்களில் ஒன்று நம் சென்னை. அதன் முதல் முடிவு 2011இல் வந்தது. பின்னர் ஐரோப்பாவில் நடந்த பார்ட்னர் ஆய்வுகள் அதையே மேலும் உறுதிசெய்தன. ஆகவே ஊரடங்கில் ஒருவருக்கு மாத்திரை விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வதும் தடுப்புப் பணிதான். மாத்திரை தீர்வதற்குப் பத்து நாள் முன்பு போகும் ஒரு குறுஞ்செய்தி எத்தனையோ சுவரொட்டிகளை விட அதிகம் தடுக்கும்.

இந்தியாவில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் அப்போது எச்.ஐ.வி. கூட்டு மருந்தைப் பல மாதங்களுக்குச் சேர்த்துக் கொடுக்க வழிசெய்தது. போதை ஊசிப் பழக்கத்துக்கு மாற்று மருந்து பெறுவோர் அதை வீட்டுக்கு எடுத்துச் செல்லவும் அனுமதித்தது. இவை நல்ல முடிவுகள். ஆனால் மருந்து வாங்க வேண்டியவர் அந்த மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையம் வரை போய்ச் சேர வேண்டுமே. வழியில் போலீஸ்காரர் நிறுத்தி எங்கே போகிறாய் என்று கேட்டால், ஏ.ஆர்.டி. புத்தகத்தைக் காட்டுவது நடுரோட்டில் தன் நோயைச் சொல்வதற்குச் சமம். இந்த ஒரு சிக்கலைத் தீர்க்கும் செய்தி எது? மருத்துவமனை முத்திரையோடு தொடர் சிகிச்சைக்கு வருபவர் என்று மட்டும் எழுதிய ஒரு கடிதத்தின் படம், கூடவே கேள்வி கேட்டால் என்ன சொல்லலாம் என்ற ஒரு வரி. எச்.ஐ.வி. என்ற சொல்லே அதில் வர வேண்டியதில்லை. இப்படிப்பட்ட செய்தியைத் தலைநகரில் இருக்கும் விளம்பர நிறுவனம் எழுதாது. அந்த மாவட்டத்தில் எந்தச் சாவடியில் யார் நிற்கிறார்கள் என்று தெரிந்தவர்தான் எழுத முடியும்.

லண்டனில் வேறொரு வகையான செய்தி பிறந்தது. பெருந்தொற்றையே காரணமாகக் கொண்டு எழுதப்பட்டது என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். 2020 வசந்த காலத்தில் 56 டீன் ஸ்ட்ரீட் என்ற பாலியல் நல மருத்துவமனை சார்ந்தவர்கள் இப்படி யோசித்தார்கள்: தொற்று ஏற்பட்டதிலிருந்து பரிசோதனையில் அது தெரியும் வரை சில வார இடைவெளி உண்டு, சாதாரண நாட்களில் ஒருவர் பரிசோதனை செய்துகொண்டாலும் கடைசிச் சில வாரங்களில் நடந்தது அதில் தெரியாது, ஆனால் ஊரடங்கில் பலரும் வாரக்கணக்கில் யாருடனும் உறவில்லாமல் இருந்திருக்கிறார்கள், ஆகையால் இப்போது ஒரே நேரத்தில் நிறையப் பேர் பரிசோதனை செய்துகொண்டால் தெரியாமல் இருக்கும் தொற்றுகள் பெருமளவில் வெளிப்படும், அவர்கள் மருந்தைத் தொடங்கினால் ஊரடங்கு முடிந்தபின் பரவும் சங்கிலி அறுந்துபோகும். சமூக வலைத்தளங்களில் அவர்கள் பரப்பிய கருத்து இதுதான். இதில் பயமுறுத்தல் இல்லை, அறிவுரை இல்லை, இதுவரை என்ன செய்தாய் என்ற விசாரணையும் இல்லை. எல்லாரையும் வீட்டில் அடைத்த அதே சூழ்நிலையை ஒரு வாய்ப்பாக மாற்றிக் காட்டியதுதான் அதன் கெட்டிக்காரத்தனம். அதோடு, வீட்டிலேயே செய்துகொள்ளும் பரிசோதனைப் பெட்டி அஞ்சலில் கிடைக்கும் வசதி அங்கே இருந்தது. செய்தியைப் பார்த்தவர் உடனே செய்யக்கூடிய ஒன்று அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

இதை அப்படியே இங்கே நகலெடுக்க முடியாது. சுயபரிசோதனையை உலக சுகாதார நிறுவனம் 2016இலேயே பரிந்துரைத்திருந்தாலும், 2020இல் நம் நாட்டில் அது பொது மக்களுக்குக் கிடைக்கும் நிலையில் இல்லை. நமக்கு இருந்தது அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையம். அங்கே பரிசோதனை இலவசம், கட்டாயம் கிடையாது, முன்னும் பின்னும் ஆலோசனை உண்டு. ஆனால் அந்த மருத்துவமனையின் வாசலிலேயே கொரோனா வார்டு என்று பலகை தொங்கும்போது அங்கே போக யாருக்குத் துணிவு வரும்? ஆகவே இங்கே செய்தியில் வர வேண்டியது வேறு: எந்த வாயில் வழியாகப் போவது, கொரோனா வரிசையிலிருந்து அது எவ்வளவு விலகி இருக்கிறது, எத்தனை மணிக்குக் கூட்டம் குறைவு. அரசு அறிவிப்பு நடையில் பரிசோதனை செய்துகொள்வது உங்கள் கடமை என்று எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். அதே சமூகத்தைச் சேர்ந்த ஒரு திருநங்கைப் பணியாளர் தன் தோழிக்கு எழுதும் செய்தி ஏறக்குறைய இப்படி இருக்கும்: ‘அக்கா, நாளைக்கு நம்பிக்கை மையம் தொறந்திருக்கு. பத்துல இருந்து ஒரு மணி வரைக்கும். பின் கேட் வழியா வா, காய்ச்சல் வரிசைப் பக்கமே வர வேண்டாம். யாராச்சும் கேட்டா ரத்தம் குடுக்கணும்னு சொல்லு. வழி தெரியலேன்னா ஒரு மிஸ்டு கால் குடு, நான் வெளியிலதான் நிப்பேன்.’ இதில் மருத்துவ அறிவு ஒரு வரிகூட இல்லை என்றாலும், தடுப்புப் பணிக்கு அந்த வாரத்தில் தேவையானது அத்தனையும் இருக்கிறது.

யார் அனுப்புகிறார் என்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸில் ஷான் யங் குழுவினர் நடத்திய ஹோப் என்ற ஆய்வின் முடிவுகள் 2013இல் வெளிவந்தன. பெரும்பாலும் ஆப்பிரிக்க அமெரிக்க, லத்தீன் சமூகங்களைச் சேர்ந்த, ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள் 112 பேரை அவர்கள் மூடிய ஃபேஸ்புக் குழுக்களில் சேர்த்தார்கள். சில குழுக்களில் பயிற்சி பெற்ற சக தோழர்கள் 12 வாரம் எச்.ஐ.வி. பற்றிப் பேசினார்கள், மற்றவற்றில் பொதுவான உடல்நலம் பற்றிப் பேச்சு நடந்தது. முதல் வகையில் 44 விழுக்காட்டினர் வீட்டுப் பரிசோதனைப் பெட்டி வேண்டுமென்று கேட்டார்கள்; இரண்டாம் வகையில் 20 விழுக்காட்டினர். இந்த எண்களைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். நான் அதே ஆய்வின் இன்னொரு எண்ணைச் சொல்வேன்: முதல் வகையில் பெட்டி கேட்ட 25 பேரில் 9 பேர்தான் அதைப் பயன்படுத்தித் திருப்பி அனுப்பினார்கள். விருப்பத்துக்கும் செயலுக்கும் நடுவே பாதிக்கு மேல் நழுவிப்போகிறது. பெருந்தொற்று இல்லாத காலத்தில், அஞ்சல் ஒழுங்காக ஓடும் நாட்டில் இந்த நிலை. பெரு நாட்டில் இதே முறையை முயன்றபோது குழுவில் எச்.ஐ.வி. பேச்சு நடந்தவர்களில் 17 விழுக்காட்டினரும் மற்றவர்களில் 7 விழுக்காட்டினரும் பரிசோதனை செய்துகொண்டார்கள். இரண்டு மடங்குக்கு மேல் என்பது நல்ல பலன்தான். ஆனாலும் 80க்கும் மேற்பட்ட விழுக்காட்டினர் வரவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆகவே கைப்பேசிச் செய்தி களப்பணியாளரின் வேலையை நீட்டிக்கும், அவருக்குப் பதிலாக நிற்காது. இதை நிதி கொடுப்பவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. செய்தி அனுப்புவது மலிவு என்று கண்டுகொண்டால் பணியாளர் சம்பளத்தில்தான் முதலில் கை வைப்பார்கள்.

எழுதுவது யார் என்ற கேள்விக்குச் சீன ஆய்வாளர்கள் ஒரு சுவையான வழி கண்டார்கள். குவாங்டாங், ஷான்டோங் மாகாணங்களின் எட்டு நகரங்களில், படங்களையும் வாசகங்களையும் நிபுணர்கள் தயாரிக்காமல் பொதுப்போட்டி வைத்து மக்களிடமிருந்தே பெற்றார்கள். அப்படி உருவான செய்திகள் போன நகரங்களில் பரிசோதனை செய்துகொள்வோர் கூடியதாக 2018இல் அவர்கள் எழுதினார்கள். தமிழில் இதற்குத் தேவை இன்னும் அதிகம் என்று நினைக்கிறேன். நம் துறையின் தாள்களில் ‘உயர் ஆபத்து நடத்தை கொண்ட இலக்குக் குழுவினர்’ என்றெல்லாம் எழுதுகிறோம். எந்த மனிதர் தன்னை இலக்குக் குழு என்று நினைத்துக்கொண்டு காலையில் எழுகிறார்?

2000களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுச் சுவர்களெங்கும் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று கேட்ட விளம்பரம் பலருக்கும் நினைவிருக்கும். அதைப் பற்றிப் பேசாத டீக்கடை இல்லை. ஊரே ஒன்றைப் பற்றிப் பேசவைக்க வேண்டுமென்றால் அந்த உத்தி சரி. சுவரில் எழுதிய கேள்வி யாரையும் தனியாகச் சுட்டவில்லை. அதே கேள்வி ஒருவருடைய கைப்பேசியில், அவருடைய பெயருக்கு, ஊரடங்கில் மனைவியும் தாயும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது வந்து ஒளிர்ந்தால் என்ன ஆகும்? சுவரொட்டிக்குத் தேவையான துணிச்சலும் கைப்பேசிக்குத் தேவையான அடக்கமும் ஒன்றுக்கொன்று எதிரானவை. 2020இல் தயாரான பல எண்ணிம (டிஜிட்டல்) செய்திகள் சுவரொட்டியைச் சுருக்கிக் கைப்பேசியில் போட்டவைதான் என்பது என் குறை.

இங்கே அந்தரங்கம் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் ஊரடங்கு இதையே முழுவதும் மாற்றியது. வெளியே போகும் சுதந்திரம் இருந்தபோது பலருக்கும் இரண்டு வாழ்க்கை சாத்தியமாக இருந்தது. எல்லாரும் வீட்டுக்குள் அடைந்தபின், கல்லூரி விடுதியிலிருந்து வந்த இளைஞனும், வேறு ஊரில் வேலை பார்த்துத் திரும்பிய திருநங்கையும், தொழிலை மறைத்து வாழும் பெண்ணும் ஒரே கூரையின் கீழ், பலர் கண் படும் கைப்பேசியோடு இருந்தார்கள். மேலே சொன்ன குடும்பநலக் கணக்கெடுப்பில் இணையத்தை எப்போதாவது பயன்படுத்தியிருக்கும் பெண்கள் 33 விழுக்காடு, ஆண்கள் 57 விழுக்காடு. அந்த 33இலும் பலருக்குக் கைப்பேசி கணவருடையது அல்லது மகனுடையது. ஆகவே திரையின் மேலே தெரியும் முதல் வரியில் நோயின் பெயர், மருந்தின் பெயர், அமைப்பின் பெயர் எதுவும் வரக்கூடாது. முதல் செய்தி எப்போதும் ஒரு நலம் விசாரிப்பாக இருந்து, பேசலாமா என்று கேட்டு, மறுமொழி வந்தபின் விஷயத்துக்குப் போக வேண்டும். மறுமொழியாக எழுத, முன்கூட்டியே பேசிவைத்த ஒரு சாதாரணச் சொல்லை வைத்துக்கொள்ளலாம். குழுவில் சேர்த்துவிடுவது மிகப் பெரிய தவறு; வாட்ஸ்அப் குழுவில் உறுப்பினர் அனைவரின் எண்ணும் அனைவருக்கும் தெரிந்தது. தனித்தனியாக அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியலே (பிராட்காஸ்ட் லிஸ்ட்) பாதுகாப்பு. தானாக மறையும் செய்தி வசதியை வாட்ஸ்அப் 2020 நவம்பரில்தான் கொண்டுவந்தது. இப்போது அது இருப்பதால் பயன்படுத்திக்கொள்ளலாம், ஆனால் யாரும் திரையைப் படம் பிடிக்க முடியும் என்பதை மறக்க வேண்டாம்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. வாய்விட்டுப் பேச முடியாதவர் எழுத முடியும். தேசிய மகளிர் ஆணையம் 2020 ஏப்ரலில் குடும்ப வன்முறைப் புகார்களுக்கென்று வாட்ஸ்அப் எண் ஒன்றைத் தொடங்கியது அதனால்தான். எச்.ஐ.வி. விஷயத்திலும் 1097 என்ற இலவச உதவி எண் நல்ல வசதி என்றாலும், ஒரே அறையில் ஆறு பேர் இருக்கும் வீட்டில் ஒருவர் அந்த எண்ணில் பேசுவது எப்படி? தட்டச்சு செய்ய முடிபவருக்கு எழுத்து, எழுதப் படிக்கத் தெரியாதவருக்குக் காதில் வைத்துக் கேட்கும் குரல் பதிவு என்று இரண்டு வழியும் இருந்தால் நல்லது. டிக்டாக் செயலி 2020 ஜூன் 29 அன்று தடை செய்யப்பட்டபோது, கிராமத்துத் திருநங்கையரும் கோத்திகளும் (ஆண்களை விரும்பும், பெண்மை இயல்புள்ள ஆண்கள்) தங்களுக்குள் கண்டுபிடித்துக்கொண்ட ஒரு பெரிய திண்ணை போய்விட்டது. எழுத்தறிவு குறைந்தவர்கள் கூசாமல் புழங்கிய இடம் அது. ஒரே செயலியை நம்பித் திட்டம் போடக் கூடாது என்பதற்கு அதை உதாரணமாகச் சொல்லலாம்.

நிறுவனங்களின் செயலிகளை நம்புவதிலும் எச்சரிக்கை வேண்டும். ஆண்கள் ஒருவரையொருவர் சந்திக்கும் கிரைண்டர் செயலி, பயனர்கள் எழுதிய எச்.ஐ.வி. நிலையை இரண்டு வெளி நிறுவனங்களுக்குப் பகிர்ந்தது 2018 ஏப்ரலில் வெளிவந்து, பின்னர் அதை நிறுத்திக்கொண்டது. ஃபேஸ்புக்கில் தொற்றுக்கு முன்பே உட்கொள்ளும் தடுப்பு மருந்தைப் பற்றி வழக்கறிஞர் நிறுவனங்கள் பயமுறுத்தும் விளம்பரங்களை ஓடவிட்டன. பல அமைப்புகள் சேர்ந்து கண்டித்தபின் 2019 டிசம்பர் கடைசியில்தான் ஃபேஸ்புக் சிலவற்றை நீக்கியது. பாலியல் நாட்டம், உடல்நலம் முதலியவற்றை வைத்து விளம்பரத்தைக் குறிவைக்கும் வசதியை மெட்டா நிறுவனம் 2022 ஜனவரியில் நீக்கியது. தனியுரிமைக்கு அது நல்லது; நம் வேலைக்கு, விளம்பரம் வாங்கி ஆட்களைத் தேடும் குறுக்குவழி அடைபட்டது என்று பொருள். இந்தியாவில் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், ஒருவரது எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதைப் பொதுவாகத் தடை செய்கிறது. தொலைபேசி எண்ணோடு சேர்ந்த பட்டியல் ஒன்று பணியாளரின் சொந்தக் கைப்பேசியில் இருந்து, அது பழுதுபார்க்கும் கடைக்குப் போனால் அதுவும் வெளியீடுதான். பட்டியலில் பெயருக்குப் பதில் குறியீட்டு எண் எழுதும் பழக்கம் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

வதந்தியை எதிர்கொள்ளும் விதமும் தனியாக யோசிக்க வேண்டியது. 2020 ஜனவரி 31 அன்று டெல்லியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கொரோனா வைரஸில் எச்.ஐ.வி.யின் துண்டுகளைப் போன்றவை இருப்பதாக, சக ஆய்வாளர் பரிசீலனைக்கு முன்பே வெளியிடும் ஒரு முன்வரைவைப் பதிவேற்றி, சக விஞ்ஞானிகளின் கடும் விமர்சனத்துக்குப் பின் இரண்டு நாளில் திரும்பப் பெற்றார்கள். திரும்பப் பெற்ற செய்தி, பரவிய செய்தியைப் பிடிக்கவே இல்லை. மார்ச் மாதம் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் இத்தாலியச் சுற்றுலாப் பயணிகளுக்கு லோபினாவிர், ரிட்டோனாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்துகளைக் கொடுத்ததும், எச்.ஐ.வி. மருந்து கொரோனாவைக் குணப்படுத்தும் என்று ஃபார்வர்டுகள் பறந்தன. அந்த மருந்தால் பயனில்லை என்று பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு அந்த ஜூன் மாதக் கடைசியில் அறிவித்தது. இதற்கிடையில் ஏற்பட்ட சேதம் இரு வகை: ஏற்கெனவே அந்த மருந்தை எடுப்பவர்களில் சிலர் தமக்கு கொரோனா வராது என்று அசட்டையானார்கள், வேறு சிலர் தம் மருந்து வேறு யாருக்கோ போய்விடுமோ என்று பயந்தார்கள். வாட்ஸ்அப் அந்த ஏப்ரலில் அதிகம் ஃபார்வர்டு ஆகும் செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டும் அனுப்பும்படி கட்டுப்படுத்தியது. ஆனால் வதந்தி அதற்குள் குடும்பத்துக்குள் நுழைந்துவிட்டது. எனக்குத் தெரிந்த வரையில் இதற்கு எதிர்ச் செய்தி எழுதும்போது வதந்தியைத் திரும்பச் சொல்லிவிட்டு மறுப்பது பாதகமே செய்யும். ‘உங்கள் மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம்’ என்று செய்ய வேண்டியதை மட்டும் சொல்வது மேல்.

கொரோனாச் செய்தியின் மொழியை எச்.ஐ.வி.க்குக் கடன் வாங்குவதையும் தவிர்க்க வேண்டும். தொடாதே, விலகி நில், முகத்தை மூடு என்ற கட்டளைகள் காதில் ஒலித்துக்கொண்டிருக்கும் காலத்தில், ‘எச்.ஐ.வி.யும் கொரோனாவும்: இரண்டு கிருமிகள், ஒரே எச்சரிக்கை’ என்ற பாணியில் எழுதினால், தொட்டால் எச்.ஐ.வி. ஒட்டும் என்ற பழைய பயத்தை நாமே புதுப்பித்தவர்கள் ஆவோம். சென்னையில் 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்ட நாளிலிருந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பயத்தோடு போராடுகிறோம். நியூயார்க் நகர சுகாதாரத் துறை 2020 மார்ச்சில் வெளியிட்ட குறிப்பு இதில் வேறு வழி காட்டியது: கொரோனா காலத்தில் உங்களுக்கு மிகப் பாதுகாப்பான துணை நீங்களேதான், அடுத்தது உங்களோடு ஒரே வீட்டில் வாழ்பவர் என்று அது வெளிப்படையாக எழுதியது. சிரிப்பை வரவழைத்ததாலேயே பலர் அதைப் பகிர்ந்தார்கள். உறவே கூடாது என்று தடை போடாமல், ஆபத்தைப் படிப்படியாக வரிசைப்படுத்திக் காட்டி முடிவைப் படிப்பவரிடம் விட்டது. நம் ஊரில் இந்த அளவு வெளிப்படைத்தன்மை பொதுவெளியில் செல்லாது. தனிச் செய்தியில் செல்லும்.

பாலியல் தொழில் செய்யும் பெண்களுக்கு அந்த மாதங்களில் ஆணுறைச் செய்தி அனுப்பியவர்கள் பலருக்கும் கிடைத்த பதில், அரிசி இருக்கிறதா என்பதுதான். இதில் அவர்கள் மேல் குறையில்லை. 2020 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், அடையாளச் சான்று கேட்காமல் அவர்களுக்கு உலர் உணவுப் பொருட்கள் வழங்க மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனமும் சட்டப் பணிகள் ஆணைக் குழுக்களும் அடையாளம் காட்டுபவர்களுக்கு அது கிடைக்க வேண்டும் என்றது. அந்த உத்தரவை எளிய தமிழில் விளக்கி, எங்கே போய்ப் பெயர் கொடுக்க வேண்டும் என்று சொல்லும் செய்தி முதலில் போக வேண்டும். அதற்கு அடுத்த வாரம் போகும் ஆணுறைச் செய்தியை அவர்கள் திறந்து படிப்பார்கள்.

அவசரமான ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஆணுறை கிழிந்துபோனாலோ, வன்முறைக்கு ஆளானாலோ, தொற்று ஏற்படாமல் தடுக்க 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் தொடர்ந்து எடுக்க வேண்டும். ஊரடங்கில் இந்த மருந்து எங்கே, எந்த நேரமும் கிடைக்கும் என்ற ஒரே ஒரு வரியை ஒவ்வொரு மாவட்டமும் சரிபார்த்து, மாறினால் அன்றே மாற்றி, நிலைத்த இடத்தில் வைத்திருக்க வேண்டும். பழைய தகவலோடு சுற்றும் செய்தி எதுவும் அனுப்பாததை விடக் கேடு. மூடிய மையத்துக்கு ஒருமுறை அலைந்து திரும்பியவர் மறுபடி உங்கள் செய்தியை நம்ப மாட்டார்.

பலனை அளப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் விரும்பினார்கள் என்ற கணக்கு அறிக்கையை நிரப்ப உதவும். எத்தனை பேர் பதில் எழுதினார்கள், அவர்களில் எத்தனை பேர் மையத்துக்கு வந்தார்கள், வந்தவர்களில் முதல்முறை பரிசோதனை செய்துகொண்டவர் எத்தனை பேர், தொற்று உறுதியானவர்களில் எத்தனை பேர் மருந்தைத் தொடங்கினார்கள் என்ற நான்கு எண்கள் போதும். செய்தியோடு ஒரு சிறு குறியீட்டைக் கொடுத்து, மைய ஆலோசகரிடம் அதை மட்டும் சொன்னால் போதும் என்று ஏற்பாடு செய்தால் பெயர் கேட்காமலே இதை எண்ண முடியும்.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால், பெருந்தொற்று வரும் வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் மாவட்டத்தில் ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களிடையே பழகும் ஒருவர், ஒரு திருநங்கை, பாலியல் தொழிலாளரிடையே பழகும் ஒருவர் என்று மூவரைத் தேர்ந்து, அவர்களுக்குத் தனிக் கைப்பேசியும் மாதாந்திர இணையக் கட்டணமும் கொடுங்கள். சொந்த எண்ணில் சொந்தச் செலவில் செய்யச் சொல்லாதீர்கள். நம்பிக்கை மையம், பால்வினை நோய்களுக்குச் சிகிச்சை தரும் சுகவாழ்வு மையம், ஏ.ஆர்.டி. மையம், இரவிலும் திறந்திருக்கும் அவசர சிகிச்சைப் பிரிவு ஆகியவற்றின் பொறுப்பாளர் எண்களை வாரம் ஒருமுறை கூப்பிட்டுச் சரிபார்க்கும் பொறுப்பை அவர்களில் ஒருவருக்கு எழுத்தில் கொடுங்கள். படமும் காணொளியும் செய்யும் வடிவமைப்பாளரை அதற்கு அடுத்த ஆண்டு தேடலாம்.